பார்டன்ஸ் வீட்டு மூக்கு

வொல்வெலார்,
20 நவம்பர் 1957

அன்புள்ள அக்கா சுல்மாவுக்கு,

தம்பி ஓடில் எழுதுகிறேன். நான் சுகமாகத்தான் இருக்கிறேன். கடல் தாண்டி நீயும் மொரிட்ஸ் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டுமென்று ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலில் வேண்டிக்கொள்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே கடிதம் வந்துவிட்டதே என்று பதறாதே. யாரும் சாகவில்லை. அக்டோபரில் ஊரெல்லாம் ஒரு விஷக் காய்ச்சல் வந்து போனது. என்னையும் விடவில்லை, நன்றாகப் போட்டு எடுத்தது. இப்போது எழுந்து நடமாடுகிறேன், ஒரு குறையும் இல்லை.

நம் ஆலையில் இந்தப் பருவத்தின் முதல் பீர் ஊறலைக் காய்ச்சிவிட்டேன். மாடித் தொட்டியில் ஊற்றி, கூரைப் பலகைகளைத் திறந்துவிட்டு, விடியும்வரை ஆறவைத்தேன். காற்று உள்ளே வந்து செய்ய வேண்டியதைச் செய்திருக்கும். இனி அது பீப்பாய்க்குள் கிடந்து தானாகப் புளிக்க வேண்டியதுதான்.

மார்ச் மாதம் கலப்பு இருக்கிறது. இளசு, நடுத்தரம், பழசு என்று மூன்று வயது பீரையும் சேர்த்து இந்த வருஷத்துக் கூஸ் பீரைப் பாட்டிலில் அடைக்க வேண்டும். சின்ன வயதில் நீ ஒவ்வொரு பீப்பாய்க்கும் ஒரு வாசனை சொல்வாயே, அதெல்லாம் நினைவிருக்கிறதா? சும்மா கேட்டேன்.

அன்புடன்,
ஓடில்


ஒன்டாரியோ,
17 டிசம்பர் 1957

தம்பி ஓடிலுக்கு அக்காவின் ஆசிகள்.

இங்கே எல்லோரும் உயிரோடும் சளியோடும் இருக்கிறோம். உனக்குக் காய்ச்சல் என்று படித்ததிலிருந்து மனசே சரியில்லை. யார் கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள்? அந்த ஊரில் உனக்குப் பெண் கொடுக்க ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லையா?

நான் இங்கே வந்து ஏழு வருஷமாகிறது. கிறிஸ்துமஸுக்கு ஒரு அட்டை போடுவாய், அப்பா போனபோது நாலு வரி எழுதினாய். இப்போது என்னடாவென்றால் பக்கம் பக்கமாகப் பீப்பாய் புராணம். உனக்கு என்ன ஆயிற்று?

புகையிலை அறுவடை முடிந்துவிட்டால் இந்த ஊரில் பேச்சும் முடிந்துவிடும். உன் அத்தான் தங்கமான மனிதர். ஆனால் கொட்டகைத் தூணுக்கு வாய் இருந்தால் அவரைவிட இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசும். பிள்ளைகள் ஆங்கிலத்தில் சண்டை போடுகிறார்கள், நான் நம் பாஷையில் திட்டினால் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சன்னலுக்கு வெளியே பனியைத் தவிர ஒன்றுமில்லை.

வாசனைகளா? ஒன்றுகூட மறக்கவில்லை. மூலைப் பீப்பாய் மழையில் நனைந்த குதிரைப் போர்வை. படிக்கட்டுப் பக்கத்துப் பீப்பாய் பச்சை ஆப்பிள். ஏன் கேட்கிறாய் என்று நேராகச் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா சுல்மா


வொல்வெலார்,
26 ஜனவரி 1958

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் சளியெல்லாம் விட்டதா?

ஏன் கேட்டேன் என்றால், ஒன்றுமில்லை, குளிர்காலத்தில் பேச ஆளில்லை, அவ்வளவுதான். எதிரே பீர்க்கடை வைத்திருக்கும் செலஸ்டீனம்மாவோடு பேசலாம். ஆனால் அவளோடு பேசுவதற்குப் பனியில் சட்டையில்லாமல் நிற்கலாம். போன திருவிழாவில் என் பீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "ஓடிலு, இது உங்கப்பன் கடைசிக் காலத்துல போட்டதவிட பரவால்ல, ஆனா பரவால்லங்கறதுக்கு மேல ஒண்ணுமில்ல"ன்னு கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

ரொட்டிக்கடைக்காரர் மகள் ஜூலியென் உங்கள் ஊர்ப்பக்கம் கல்யாணமாகி வருகிறாள். அவள் பெட்டியில் சில பாட்டில்கள் வைத்து அனுப்புகிறேன். ஒவ்வொன்றும் ஒரு பீப்பாயிலிருந்து எடுத்தது, தக்கையில் பெயர் எழுதியிருக்கிறேன். சன்னலோரப் பீப்பாய்தான் இருப்பதிலேயே அருமை. பழைய தோல், உலர்ந்த எலுமிச்சைத் தோல் வாசனை. அதை வைத்துத்தான் இந்த வருஷக் கலப்பு முழுவதும்.

குடித்துப் பார்த்து எப்படி இருக்கிறதென்று எழுது. சும்மா, ஊர் ஞாபகத்துக்கு.

அன்புடன்,
ஓடில்


ஒன்டாரியோ,
9 மார்ச் 1958

தம்பிக்கு,

எல்லோரும் நலம். ஜூலியென் வந்து சேர்ந்தாள். பாவம், பனியைப் பார்த்து அழுதுகொண்டே இருக்கிறாள். எட்டாவது நாள் நின்றுவிடும் என்று சொல்லியிருக்கிறேன். பொய்தான்.

பாட்டில்களைச் சமையலறை மேசையில் வரிசையாக வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு திறந்தேன். மூலையும் படிக்கட்டும் அப்படியே இருக்கின்றன. குதிரைப் போர்வையை மோந்ததும் அழுதுவிட்டேன். மொரிட்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் பயந்து கொட்டகைக்கே போய்விட்டார்.

ஆனால் உன் அருமையான சன்னலோரம் வெறும் காடி. ஒன்றாம் தரக் காடி. அதை வைத்து சன்னல் கண்ணாடி துடைத்தேன், பளபளவென்று இருக்கிறது. அதைக் கலப்பில் ஒரு கோப்பை ஊற்றினாலும் மொத்தமும் நாசம்.

இன்னொன்று. "பழைய தோல், உலர்ந்த எலுமிச்சைத் தோல்" என்று எழுதினாயே, அது என் வார்த்தை. நான் இங்கே வருவதற்கு முந்தின வருஷம் அந்தப் பீப்பாயில் கிடந்த பீருக்குச் சொன்னது. அந்த பீரை என்றைக்கோ குடித்துத் தீர்த்திருப்பார்கள். வேடிக்கை செய்கிறாயா, தம்பி?

கலக்கும் முன் பதில் போடு.
அக்கா


வொல்வெலார்,
2 ஏப்ரல் 1958

அன்புள்ள அக்கா,

நலம், நலமே. ஜூலியென் அழுகை நின்றதா? அவள் அம்மா கடையில் ரொட்டி கொடுக்கும்போதெல்லாம் கேட்கிறாள்.

கப்பல் ஆட்டத்தில் அந்தப் பாட்டில் கெட்டிருக்கும். இங்கே பீப்பாயில் நன்றாகவே இருக்கிறது. உன் கடிதம் வருவதற்குள் கலந்து அடைத்தும் விட்டேன், பாட்டில்கள் எல்லாம் நிலவறையில் படுத்திருக்கின்றன. செப்டம்பர் திருவிழாவுக்குத் திறப்போம். கவலைப்படாதே.

நம் தபால்காரருக்குத்தான் வயதாகிவிட்டது போலிருக்கிறது. உன் கடிதத்தை ஒரு குச்சி நுனியில் மாட்டிக்கொண்டு வந்து, வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே வீசிவிட்டு ஓடுகிறார். "என்ன ஆச்சு?" என்று கேட்டால், "என்னைக் கேக்கறியா? உங்கக்காவக் கேளு!" என்கிறார். மனிதருக்கு என்ன கோபமோ.

நான் அந்தக் கடிதத்தைத் தலையணை அருகில்தான் வைத்திருக்கிறேன். உன் வீட்டு வாசனை இன்னும் அதில் இருக்கிறது.

அன்புடன்,
ஓடில்


ஒன்டாரியோ,
28 ஏப்ரல் 1958

என் தம்பிக்கு,

உடம்பு எப்படியிருக்கிறது? இந்த முறை இதை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

இந்த ஊரில் ஸ்கங்க் என்று ஒரு பிராணி உண்டு. பூனை அளவுதான், ஆனால் பயந்தால் பின்பக்கத்தைத் திருப்பிப் பீய்ச்சிவிடும். அந்த நாற்றத்துக்குப் பேய்கூட ஓடும். மார்ச்சில் எங்கள் நாய் அதனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தது. நான் உனக்கு எழுதிய கடிதத்தை எடுத்து நாயின் முதுகில் நன்றாகத் தேய்த்து, அப்புறம்தான் உறையில் போட்டேன். தபால் ஆபீஸ்காரன் என்னை உள்ளேயே விடவில்லை. மொரிட்ஸ், கல்யாணமானதிலிருந்து முதல் முறையாக, "உனக்குப் பைத்தியமா?" என்று முழு வாக்கியம் பேசினார்.

அதைத் தலையணை அருகில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறாய். என் வீட்டு வாசனையாம்!

உனக்கு மூக்கு போய்விட்டது, ஓடில். காய்ச்சலோடு போயிருக்கிறது, இல்லையா? பீப்பாய் வாசனைகளை ஞாபகத்திலிருந்துதான் எழுதினாய். கண்ணைக் கட்டிக்கொண்டு கலந்திருக்கிறாய்.

நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் உனக்கு என்ன வேண்டுமென்று நீயே வாயைத் திறந்து கேள். நானாக யூகித்துக்கொண்டு வந்து நிற்க மாட்டேன்.

அக்கா


வொல்வெலார்,
15 ஜூன் 1958

அக்காவுக்கு,

நலம். இந்த வருஷம் மழை அதிகம். பிரஸ்ஸெல்ஸ் உலகக் கண்காட்சிக்குப் போகிற கார்கள் எல்லாம் நம் தெரு வழியாகத்தான் போகின்றன, கோழிகள் நிறைய அடிபடுகின்றன. செர்ரி நன்றாகக் காய்த்திருக்கிறது, பழுத்ததும் பீப்பாய்களில் பீரோடு ஊறப்போட வேண்டும்.

பிள்ளைகளுக்கு என் அன்பு.

ஓடில்


ஒன்டாரியோ,
20 ஜூலை 1958

ஓடில்,

இங்கே நலம். புகையிலை இடுப்பளவு வளர்ந்துவிட்டது. உன் கடிதத்தில் மழை இருக்கிறது, கார் இருக்கிறது, செத்த கோழி இருக்கிறது, நீ மட்டும் இல்லை.

கோபத்தில் முதலில் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதுகிறேன். உனக்கு வெட்கமாக இருக்கிறது, அதுதானே? கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து பார்டன்ஸ் வீட்டு ஆண்கள் எல்லோரும் மூக்கோடு பிறந்தவர்கள், நீ ஒருவன்தான் தொலைத்தவன் என்று நினைத்துக்கொண்டு அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறாய்.

அப்பாவுக்கு மூக்கு கிடையாது.

முதல் யுத்தத்தில் விஷவாயு மூக்கைத் தின்றுவிட்டது. அம்மாவுக்கு மட்டும் தெரியும். ஒருநாள் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருக்க, முதுகுக்குப் பின்னால் அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்து புகையாகிவிட்டது. அவர் பக்கத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார். நீ அதைப் பார்த்துச் சிரித்தாய், அப்பாவுக்கு ஞாபக மறதி என்றாய். நான் சிரிக்கவில்லை.

பெண் இறங்கினால் பீர் திரிந்துபோகும் என்று தாத்தா காலத்துச் சட்டம், எங்களை நிலவறைக்குள் விட்டதே இல்லை. அதனால் கோப்பைகள்தான் மேலே வரும். முதலில் அம்மாவுக்கு வந்தன. அம்மா செத்தபின் எனக்கு. சமையலறை வாசலில் நின்று, "பாதிரியாருக்கா, பன்றிக்கா?" என்று கேட்பார். நான் மோந்துவிட்டு, "பாதிரியாருக்கு" என்றால் அது கலப்புக்குப் போகும். "பன்றிக்கு" என்றால் கொட்டிவிடுவார். நீ அதைக் குழந்தையோடு அப்பா விளையாடுகிறார் என்று நினைத்தாய். எனக்கு இருபத்தைந்து வயதான பிறகும் என்ன விளையாட்டு என்று உனக்குத் தோன்றவில்லையா?

நான் கனடாவுக்குப் போகிறேன் என்றபோது அவர் ஒன்றுமே சொல்லவில்லை. கிளம்புவதற்கு முன்தினம் ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் கோப்பை கொண்டுவந்தார். மாலை முழுக்கப் படியேறி இறங்கிக்கொண்டே இருந்தார். நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசிக் கோப்பையை வாங்கிக்கொண்டு, "சரி" என்றார். இரு என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இருந்திருப்பேன், ஓடில். மொரிட்ஸிடம்கூடச் சொன்னதில்லை. பெட்டியைத் திறந்து துணிகளை அலமாரியில் திரும்ப அடுக்கியிருப்பேன்.

இனி நீ செர்ரி கதை எழுதினால் நான் பதில் போட மாட்டேன்.

சுல்மா


வொல்வெலார்,
16 செப்டம்பர் 1958

அன்புள்ள அக்கா,

நீங்களெல்லாம் நலம் என்று நம்புகிறேன். நான் நலமில்லை.

திருவிழா முடிந்துவிட்டது. செலஸ்டீனம்மா கடையில் முதல் பாட்டிலைத் திறந்தோம். ஊர்க்காரர்கள் எல்லோரும் ஒரு வாய் வைத்தார்கள். யாரும் இரண்டாவது வாய் வைக்கவில்லை. நான் மட்டும் ஒன்றும் தெரியாமல் ஒரு கோப்பையை முழுதாகக் குடித்துவிட்டு, "எப்படி?" என்று கேட்டேன். செலஸ்டீனம்மா எப்போதும் போலத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் திட்டவில்லை. "ஓடிலு, வீட்டுக்குப் போய் படுப்பா" என்றாள்.

மறுநாள் பெட்டிகள் திரும்பி வந்தன. பக்கத்து ஊர்க் கடைகளிலிருந்தும் வந்தன. பிரஸ்ஸெல்ஸ் பெரிய கம்பெனி ஆள் வந்து ஆலையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனான். வாங்கினால் காய்ச்ச மாட்டார்களாம், அவர்கள் பீரை வைக்கிற கிடங்காக்குவார்களாம். குளிர்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். மூக்கில்லாமல் ஆலையை நடத்த எனக்கு வழி தெரியவில்லை.

உன் ஜூலைக் கடிதத்தைப் பலமுறை படித்தேன். அப்பா எப்படித் தாங்கினார் என்று தெரியவில்லை. காலையில் காபி போட்டால் வெந்நீர் குடிக்கிற மாதிரி இருக்கிறது. ரொட்டி மெல்லுகிற வேலை மட்டும்தான். நிலவறைக்குப் போனால் ஏதோ அந்நியர் வீட்டுக்குள் தெரியாமல் நுழைந்துவிட்ட மாதிரி இருக்கிறது. இந்தப் பெரிய வீட்டில் எனக்குத் துணையிருந்ததே அந்தப் புளித்த வாடை ஒன்றுதான், அதுவும் போய்விட்டது. ரொம்பத் தனியாக இருக்கிறேன், அக்கா.

கேள் என்று சொன்னாய். கேட்கிறேன். வந்துவிடு. அத்தானையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு. நிலவறைக் கதவைக் கழற்றி வைத்துவிட்டேன், இனி அங்கே யாரும் இறங்கலாம். இந்த ஆலை உன்னுடையது, நான் பீப்பாய் உருட்டுகிறேன்.

உன் தம்பி


ஒன்டாரியோ,
12 அக்டோபர் 1958

என் தம்பி ஓடிலுக்கு,

உன் கடிதம் வந்தபோது புகையிலை உலர்த்தும் கொட்டகையில் இருந்தேன். நின்றுகொண்டே படித்தேன். அப்புறம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

நான் வர முடியாது.

நாலு நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மொரிட்ஸிடம் சொன்னேன். அவர், "உனக்கு வேணும்னா போகலாம்" என்றார். சொன்னபின் வெளியே போய் வயலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது அவர் வெறுங்கையால் காடு வெட்டி உண்டாக்கிய நிலம். பெரியவனுக்கு நம் பாஷையில் தன் பெயரைத் தவிர ஒன்றும் எழுதத் தெரியாது. நான் ஒரு ஊரை விட்டு வந்து எப்படி இருந்தேனென்று எனக்குத் தெரியும், அதை இவர்களுக்குச் செய்ய மாட்டேன்.

உன் கடிதம் வந்த அன்றைக்கு ராத்திரி சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை. மறுநாள் துக்கத்தில் வரவில்லை. அப்பா கேட்டிருந்தால் இந்நேரம் நம் சமையலறையில் உன்னோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பேன்.

இனி வேலையைப் பார். சன்னலோரப் பீப்பாயை உடைத்து அடுப்பில் போடு. கம்பெனிக்காரனுக்கு இப்போதைக்குப் பதில் சொல்லாதே. செலஸ்டீனம்மாவிடம் போ. உன் பீர் "பரவாயில்லை" என்றபோது அது பரவாயில்லாமல்தான் இருந்திருக்கும். காடியானபோது உன்னைப் படுக்கச் சொன்னாள். அந்த ஊரில் உனக்குப் பொய் சொல்லாத மூக்கு அது ஒன்றுதான். வெட்கப்படாமல் கேள். என்னிடம் கேட்டுவிட்டாய், இனி யாரிடமும் கேட்கலாம்.

கம்பளிச் சட்டை ஒன்று பின்னி அனுப்புகிறேன்.

அக்கா சுல்மா


வொல்வெலார்,
23 நவம்பர் 1958

அன்புள்ள அக்கா,

சட்டை வந்தது, தோள் சரியாக இருக்கிறது. உங்கள் எல்லோருடைய சுகத்தையும் எழுது.

நீ வரமாட்டாய் என்று படித்த அன்று ஆலைக்குள் போகவே இல்லை. பிறகு செலஸ்டீனம்மாவிடம் போனேன். எப்படிச் சொல்வதென்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போனது எல்லாம் வீண். "எனக்கு மூக்கு போயிடுச்சு"ன்னு ஆரம்பித்தேன்.

"திருவிழாவன்னிக்கே தெரியும். மூக்கு இருக்கறவன் அந்தக் கண்றாவிய முழுசாக் குடிப்பானா? இப்ப என்ன, நான் வந்து மோந்து பாக்கணுமா?"

"ஆமா."

"கேக்கறதுக்கு இவ்வளவு நாளா உனக்கு?"

கடையைப் பூட்டிவிட்டு வந்தாள். படியிறங்கும்போது முழங்காலைத் திட்டினாள், விளக்கைத் திட்டினாள், என்னையும் திட்டினாள். ஒவ்வொரு பீப்பாயாகப் பார்த்தாள். முக்கால்வாசி தேறும் என்கிறாள். கம்பெனி ஆளிடம் முடியாதென்று சொல்லிவிட்டேன். வாரத்துக்கு ஒருநாள் வருவாள். அவள் போனபின் வீடு பழையபடி அமைதியாகிவிடுகிறது, அதற்கு மருந்தில்லை.

உனக்கு எழுத வேண்டியது வேறு. கிளம்பும்போது அவளிடம், "எங்க வீட்டு மூக்கு அப்பாகிட்ட இல்ல, அக்காகிட்டதான் இருந்துச்சு. எனக்கே இப்பதான் தெரியும்" என்றேன். பெரிய ரகசியம் சொல்வதாக நினைப்பு.

"இது என்ன புதுச் சேதியா? உங்க சமையக்கட்டு வாசல் என் சன்னலுக்கு நேரா இருக்கு. உங்கப்பன் கோப்பையத் தூக்கிட்டு வருவாரு, அந்தப் பொண்ணு மோந்து பாத்து மூஞ்சியச் சுளிக்கும். கடையில இருக்கறவங்க எல்லாரும் எட்டிப் பாப்போம். ஊருக்கே தெரியும்டா, உனக்குத்தான் தெரியல. அவ பஸ் ஏறின அன்னிக்கு இந்தக் கடையில ஒருத்தன் பேசல. போச்சு பார்டன்ஸ் பீருன்னு எல்லாருக்கும் தெரியும்."

"அப்ப ஒருத்தராவது போகாதேன்னு அவகிட்ட சொல்லியிருக்கலாமே?"

செலஸ்டீனம்மா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"உங்கப்பன் சொல்வாருன்னு இருந்துட்டோம்" என்றாள்.

உன் தம்பி,
ஓடில்